கிழமை தெரியாத செயலி

ஆடி அமாவாசை. மதியம் ஒன்றரை மணி இருக்கும். காக்கைக்கு வைத்துவிட்டு வந்து அம்மா அப்போதுதான் இலை முன் உட்கார்ந்தார். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, வடை, பாயசம். பக்கத்தில் கிடந்த போன் டிங்கென்றது. வந்த செய்தி எதுவானாலும் வாய்விட்டுப் படிப்பது அம்மாவின் வழக்கம். "மட்டன் சுக்கா உங்களைத் தேடுது..." பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருடா இவன், இன்னைக்குப் போயி?"

அனுப்பியது உணவு டெலிவரி செயலி. அம்மாவைப் பற்றி அதற்குத் தெரியாதது குறைவு. மாதத்தில் இரண்டு ஞாயிறு சுக்கா வாங்குவார், எந்தக் கடையில் வாங்குவார், எத்தனை ரூபாய் தள்ளுபடி என்றால் உடனே கை போகும், எல்லாம் தெரியும். இன்று என்ன நாள் என்பது மட்டும் தெரியவில்லை.

செயலிகளுக்குத் திரை வடிவமைப்பது என் பிழைப்பு. அன்று சாப்பிட்டு முடிப்பதற்குள் ஒரு வேலை மண்டையில் ஏறிவிட்டது: நாள் பார்த்து நடந்துகொள்ளும் ஒரு வசதியை உணவுச் செயலியில் வைப்பதென்றால் எப்படி வைப்பது? கேட்க ஒரு சின்ன பொத்தான் போலத்தான் இருக்கிறது. பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் கணக்கு, மதம், சட்டம், பரோட்டா சால்னா என்று எங்கெங்கோ போகிறது.

முதலில் இந்தச் செயலிகள் எப்படி ஆளை அறிகின்றன என்று பார்த்துவிடலாம். திறந்தவுடன் கண்ணில் படுவது நாலைந்து கடைகள். ஊரில் உள்ள ஆயிரக்கணக்கான கடைகளில் அந்த நாலைந்து எவை என்று முடிவு செய்வதுதான் 'பர்சனலைசேஷன்' என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதில் பெரும்பங்கு. முதலில் ஒரு சல்லடை: உங்கள் முகவரிக்கு எட்டும் தூரத்தில் உள்ள, இப்போது திறந்திருக்கும் கடைகள் மட்டும் மிஞ்சும். அடுத்து மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண். இவர் இந்தக் கடையைத் தொட எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு நேரத்தில் கொண்டு சேர்க்கலாம், கடை விளம்பரத்துக்குப் பணம் கட்டியிருக்கிறதா என்று பலதையும் சேர்த்துப் போடுவது. வாய்ப்பைக் கணிக்க உங்கள் பழைய ஆர்டர்கள் உதவும். அவை போதாவிட்டால் உங்களைப் போலவே வாங்கும் மற்றவர்களின் ஆர்டர்கள். "எதிர்வீட்டு அம்மா இந்தக் கலர்தான் எடுத்துட்டுப் போனாங்க" என்று புடவைக் கடைக்காரர் விரித்துப் போடுவாரே, அதே உத்திதான். கணினி அதை லட்சக்கணக்கான எதிர்வீடுகளை வைத்துச் செய்கிறது.

இந்த முறை புத்தகத்துக்கும் பாட்டுக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. சாப்பாட்டில் சறுக்குகிறது. ஏனென்றால் நம் ஊரில் ஒருவர் ஒரே ஆளாகச் சாப்பிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டன், சனிக்கிழமை இட்லி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆசாமி எந்த வீட்டிலும் இல்லை.

இது ஏதோ சில ஆச்சாரமான குடும்பங்களின் விவகாரம் என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஏறக்குறைய 30,000 இந்தியர்களை நேரில் கண்டு கேட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. தம்மைச் சைவம் என்று சொன்னவர்கள் 39 சதவீதம். ஆனால் இறைச்சி விஷயத்தில் ஏதோ ஒரு கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் (சில நாட்களில் தொடாதவர்கள், சில வகை இறைச்சியைத் தொடாதவர்கள் உட்பட) 81 சதவீதம். நடுவில் விடுபட்டு நிற்கும் 42 சதவீதத்தைப் பாருங்கள். இவர்கள் சைவமும் இல்லை, நினைத்தபோது எதையும் தின்பவர்களும் இல்லை. தமிழ்நாட்டில் இது இன்னும் கூர்மை. பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2014ஆம் ஆண்டு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி இங்கே முழுச் சைவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனாலும் புரட்டாசி பிறந்தால் கறிக்கடைகள் காற்று வாங்குகின்றன. மாதம் முடிந்த முதல் ஞாயிறு காசிமேட்டில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு காட்சியிலும் இருப்பது அதே ஜனங்கள்தான்.

ஆக, செயலிகள் கேட்டுக்கொண்டிருக்கும் "நீங்கள் சைவமா, அசைவமா?" என்ற கேள்வியே இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. கேட்க வேண்டியது "என்றைக்கு?" என்பதை.

கேட்பானேன், இயந்திரமே கற்றுக்கொள்ளாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். அவர் தரவு அறிவியல்காரர். எதற்கும் மாடல் போட்டுப் பார்க்கலாம் என்பவர். சனிக்கிழமை வரை அவர் சொல்வது சரி. வாரத்தின் நாள் என்பது எந்த மாடலிலும் எளிதாகச் சேர்க்கக்கூடிய தகவல். ஆனால் புரட்டாசிச் சனி ஆண்டுக்கு நாலோ ஐந்தோதான். அமாவாசை இன்னும் மோசம்: இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வரும், ஆகவே திங்கள், புதன், வியாழன் என்று கிழமை மாறி உலாத்தும். ஆண்டுக்கு 12 அல்லது 13 அமாவாசை. ஒருவர் நாலு நாளைக்கு ஒருமுறை ஆர்டர் போடுகிறவர் என்று வைத்தாலும் ஓராண்டில் மூன்று அமாவாசை ஆர்டர்தான் தேறும். மூன்று புள்ளியை வைத்துக்கொண்டு ஒரு வீட்டின் வழக்கத்தைச் சொல்வது ஜோசியம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விரதம் தடயம் விடாது. அன்று அம்மா எதையும் ஆர்டர் செய்யவில்லை, அவ்வளவுதான். வெளியூர் போயிருந்தாலும், காய்ச்சல் என்றாலும், மாதக் கடைசி என்று கையைக் கட்டிக்கொண்டாலும் செயலியின் ஏட்டில் அதே வெற்றிடம்தான் பதிவாகும். வாங்கியதை வைத்துக் கற்கும் இயந்திரத்துக்கு வாங்காததன் காரணம் எட்டாது.

சரி, எட்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இன்னொரு வினை. ஒருவர் வெள்ளியில் கறி விடுகிறார், ஒருவர் அமாவாசையில் விடுகிறார், ஒருவர் ஒரு மாதம் முழுக்கப் பகலில் எதுவுமே வாங்குவதில்லை என்று தானாகக் கண்டுபிடிக்கும் பட்டியலுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது மதப் பட்டியல்தான். சில இடங்களில் சாதிப் பட்டியலும்கூட. நாடாளுமன்றத்தில் 2019இல் வைக்கப்பட்ட தனிநபர் தரவு மசோதா, மத நம்பிக்கையைக் கூடுதல் காப்பு தேவைப்படும் தகவல் என்று தனியே பிரித்திருந்தது. 2023 ஆகஸ்டில் கடைசியாக நிறைவேறிய சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே கிடையாது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் வாங்க வேண்டும், என்ன காரணத்துக்கு என்று சொல்ல வேண்டும் என்ற பொது விதிகள் உண்டு. ஆனால் 'இவர் மாலை போட்டிருக்கிறார்' என்பதும் 'இவருக்குக் காரம் பிடிக்கும்' என்பதும் சட்டத்தின் கண்ணில் ஒரே எடை. சட்டம் வேறுபடுத்தவில்லை என்பதற்காக வடிவமைப்பவனும் விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி. அதனால் ஊகிப்பது வேண்டாம், கேட்டுவிடலாம். அதிலும் காரணத்தைக் கேட்காமல் நாளை மட்டும் கேட்கலாம்.

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டை வெளியில் தெரியும்படி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பாடம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2024 மார்ச் 19ஆம் தேதி சொமேட்டோ சைவ உணவகங்களை மட்டும் காட்டும் ஒரு முறையை அறிவித்தது. அதோடு நிற்காமல் அந்த ஆர்டர்களைக் கொண்டுபோக தனி டெலிவரி அணி, அவர்களுக்கு வழக்கமான சிவப்புக்குப் பதில் பச்சைச் சட்டை, பச்சைப் பெட்டி என்றது. அன்றே எதிர்ப்பு கிளம்பியது. பச்சை வண்டி வரலாம், சிவப்பு வண்டி வரக் கூடாது என்று குடியிருப்புச் சங்கம் சட்டம் போட்டால்? சிவப்புச் சட்டைக்காரர் வாசலில் நிற்பதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டால் வாடகைக்கு இருப்பவர் கதி? மறுநாளே நிறுவனர் தீபிந்தர் கோயல் இறங்கி வந்தார். தனி அணி இருக்கும், ஆனால் எல்லாருக்கும் சிவப்புச் சட்டைதான், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்றார். வாடிக்கையாளர்களே வீட்டு உரிமையாளர்களிடம் சிக்கலில் மாட்டக்கூடும் என்பதை உணர்ந்ததாகவும் சொன்னார்.

திரைக்குள் இருந்தவரை அது ஒரு வடிகட்டி. தெருவுக்கு வந்ததும் அது அடையாளம். சென்னையில் வாடகைக்கு வீடு தேடி, "என்ன சாப்பிடுவீங்க?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எனவே என் வடிவமைப்பில் முதல் விதி: இன்று இந்த வீட்டில் என்ன நாள் என்பது பில்லில் அச்சாகக் கூடாது, கடைக்காரருக்குப் போகக் கூடாது, டெலிவரி செய்பவரின் திரையிலும் தெரியக் கூடாது. எந்தெந்த நாள் என்ற பட்டியல் போனுக்குள்ளேயே இருக்கட்டும். நிறுவனத்தின் கணினிக்குப் போக வேண்டியது "இப்போது இறைச்சி காட்டாதே" என்ற ஒற்றை வரி மட்டும். அமாவாசை என்றோ புரட்டாசி என்றோ அதற்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

இரண்டாவது விதி, இதற்குக் காசு கேட்கக் கூடாது. சொமேட்டோவின் பில்லில் சைவ முறைக்கென்று 2 ரூபாய் கட்டணம் இருந்ததை 2025 ஜனவரியில் ஒருவர் பொதுவில் எடுத்துப் போட, கோயல் மன்னிப்புக் கேட்டு அதை எடுக்க வேண்டியதாயிற்று. தொகை ஒரு மிட்டாய்க் காசுதான். ஆனாலும் விரதத்துக்கு வரி போட்டது போலத் தோன்றினால் எவருக்கும் சுருக்கென்று இருக்கும்.

இனி, எப்போது கேட்பது? செயலியைப் பதிவிறக்கியதும் வரிசையாகப் பத்துக் கேள்வி கேட்பது பெரும்பாலான குழுக்களின் வழக்கம். பசியோடு வந்தவரிடம் படிவம் நீட்டுகிற வேலை. எல்லாவற்றுக்கும் 'தவிர்' அழுத்திவிட்டுப் போய்விடுவார். சரியான நேரம் வேறு. ஒருவர் ஒரு சனிக்கிழமை தானாகவே 'சைவம் மட்டும்' என்ற பொத்தானைத் தட்டுகிறார். அடுத்த வாரமும் தட்டுகிறார். அந்த இரண்டாவது தடவை ஆர்டர் முடிந்த பிறகு, கீழே சின்னதாக ஒரு வரி: "சனிக்கிழமைகளில் இப்படியே வைக்கட்டுமா?" பதில்கள் மூன்று: எல்லாச் சனியும், புரட்டாசியில் மட்டும், வேண்டாம். வேண்டாம் என்றால் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. மாலை போடுகிறவர்களுக்குத் தனியாக, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிக்க ஓர் இடம். அது ஐயப்பனுக்கா, முருகனுக்கா, மேல்மருவத்தூருக்கா, டாக்டர் சொன்ன பத்தியமா என்று கேட்கவே வேண்டாம்.

பொத்தானில் என்ன எழுதுவது என்பதில் இரண்டு நாள் போனது. 'சைவம்' என்று போட்டேன். பிறகுதான் உறைத்தது, எல்லாருடைய விலக்கும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. தவக்காலத்து வெள்ளிகளில் கறியை விடும் கத்தோலிக்க வீடுகளில் மீன் உண்டு. அன்று 'சைவம் மட்டும்' என்று காட்டினால் அவர்களுக்கு வஞ்சிர வறுவலை மறைத்துவிட்ட குற்றம் வரும். முட்டையை விடாமல் கறியை மட்டும் விடுகிறவர்கள் உண்டு. அமாவாசை அன்று வெங்காயம், பூண்டு கூடாது என்பவர்கள் உண்டு. அன்று இரவு சோறு கிடையாது, பலகாரம்தான் என்பவர்களும் உண்டு. அந்த இரவில் ஒரு முழுச் சாப்பாட்டை முதலிடத்தில் காட்டுவதும் ஒருவகை அபத்தம்தான். யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் (கறி, மீன்) தொடாத வீடுகள் ஏராளம். அங்கே பொத்தானில் 'மரக்கறி' என்று இருந்தால்தான் அந்த ஊர்ப் பேச்சாக இருக்கும். கடைசியில் நான் வந்து நின்ற இடம், "இன்று என்ன வேண்டாம்?" என்று கேட்பது. கறி, மீன், முட்டை, வெங்காயம்–பூண்டு, சோறு. வேண்டாததைத் தட்டி விடலாம். 'இன்னைக்குக் கவுச்சி கிடையாது' என்று போடத்தான் எனக்கு ஆசை. குழுவில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை.

இதெல்லாம் ஒருவருக்கு ஒரு போன் என்ற கணக்கு. வீடு அப்படி இல்லையே. அப்பாவின் எண்ணில் கணக்கு, அம்மா பார்ப்பது, மகன் ஆர்டர் போடுவது. புரட்டாசியில் அப்பா விரதம், மகன் ஆபீசிலிருந்து சிக்கன் ரோல். அந்த வீட்டில் நாள் பார்க்கும் வசதி மெல்ல காவல்காரன் ஆகிவிட வாய்ப்பிருக்கிறது. இந்த நெருக்கடி நிறுவனங்களுக்குத் தெரியாதது இல்லை. 2024 நவம்பரில் ஸ்விகி, வாங்கியது வரலாற்றில் பதியாத ஒரு மறைவு முறையைக் கொண்டுவந்தது. மனைவிக்குத் தெரியாமல் நடுராத்திரியில் சாப்பிடுகிறவர்கள், பரிசு வாங்குகிறவர்கள் என்று அதற்கு ஆயிரம் பயன். எங்கள் வீதியில் அதைப் புரட்டாசி முறை என்றே பெயர் மாற்றியிருப்பார்கள்.

ஆகவே விலக்கு என்பது பூட்டாக இருக்கக் கூடாது, திரைச்சீலையாக இருந்தால் போதும். முதல் திரையில் கறி வராது, நோட்டிஃபிகேஷனில் வராது. ஆனால் தேடினால் கிடைக்கும். மேலே ஓரமாக "இப்போது எல்லாம் காட்டு" என்று ஒரு வரி. தட்டினால் தட்டியவருக்கு மட்டும், அந்த ஓர் ஆர்டருக்கு மட்டும் விலகும். அப்போது "விரதத்தை முறிக்கப் போகிறீர்களா?" என்று கேட்டுவைக்கலாம் என்று ஓர் இளைஞர் ஆர்வமாகச் சொன்னார். கூடவே கூடாது. குற்றவுணர்வைத் தூண்டி ஆளைத் திருப்புவது, நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் வெளியிட்ட வழிகாட்டலில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. அது விற்பனைக்காகச் சொல்லப்பட்ட விதி. பக்தியின் பெயரால் செய்தாலும் உத்தி அதேதான்.

இவ்வளவு செய்தும் எல்லாம் கெட்டுப்போகக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. குஸ்கா.

குஸ்கா என்றால் துண்டு போடாத பிரியாணி. ஆனால் பல கடைகளில் வெந்தது கறியோடு, அதே அண்டாவில். சாப்பிடுகிற எவருக்கும் இது தெரியும். மெனுவில் ஏற்றும்போது என்ன நடக்கிறது? கடையின் கல்லாவில் இருக்கும் பையன் ஒவ்வொரு பண்டமாகத் தட்டிக்கொண்டே வருகிறான். 'சிக்கன் பிரியாணி', அசைவம். 'மட்டன் பிரியாணி', அசைவம். 'குஸ்கா': உள்ளே துண்டு இல்லையே? பச்சைப் புள்ளி. இப்படிப் பச்சைப் புள்ளியோடு நிற்கும் குஸ்காவை நானே பார்த்திருக்கிறேன். மதுரைப் பக்கம் எம்ப்டி சால்னா என்று ஒன்று உண்டு. துண்டு கிடையாது, குழம்பு மட்டும். அது எந்தச் சட்டியிலிருந்து மொண்டது என்பதைப் பொறுத்துத்தான் அதன் மதம். பரோட்டா மாவில் முட்டை அடித்துப் பிசைகிற கடை உண்டு, பிசையாத கடை உண்டு. ஃப்ரைடு ரைஸில் முட்டை போடாவிட்டாலும் வாணலி அதேதான்.

சொமேட்டோ 2008இல் ஃபுடிபே என்ற பெயரில் தொடங்கியபோது அதன் வேலையே உணவகங்களின் மெனு அட்டைகளை ஸ்கேன் செய்து வலையில் போடுவதுதான். அன்று அட்டையில் அச்சடித்திருந்தது அப்படியே படமாக வந்தது. அதைப் படித்துப் புரிந்துகொள்வது வாடிக்கையாளர் பொறுப்பு. இன்று ஒரு புள்ளியை நம்பி இயந்திரம் முடிவெடுக்கிறது. புள்ளி பொய் என்றால் எவ்வளவு பெரிய மூளையை மேலே வைத்தாலும் அமாவாசை அன்று குஸ்காதான் வந்து நிற்கும், அதுவும் "உங்களுக்காகத் தேர்ந்தெடுத்தது" என்ற பட்டத்தோடு. ஆகவே இந்த வசதிக்கான வேலையில் பாதி வாடிக்கையாளர் திரையில் இல்லை, கடைக்காரர் திரையில் இருக்கிறது. 'சைவமா?' என்று கேட்பதை விட்டுவிட்டு இரண்டு நேர்க் கேள்வி கேட்கலாம்: உங்கள் அடுப்படியில் கறி சமைக்கிறீர்களா? இந்தப் பண்டத்துக்குக் கறி வெந்த சட்டியிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ ஏதாவது சேருகிறதா? குஸ்கா, சால்னா, கொத்து, ஃப்ரைடு ரைஸ் என்று பெயர் வந்தாலே இரண்டாவது கேள்வி தானாக முளைக்க வேண்டும். இந்தப் பெயர்ப் பட்டியலை எழுத தரவு அறிவியல்காரர் தேவையில்லை. மதுரையில் ஒருவர், ஆம்பூரில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர் போதும்.

ரமலான் நோன்பு வேறு தினுசு. அங்கே கேள்வி எது என்பதில்லை, எத்தனை மணிக்கு என்பது. மற்ற நாளில் பத்து நிமிடத் தாமதம் சலிப்பு. நோன்பு திறக்கும் நேரத்தில் அது வேறு. சூரியன் மறையும் நேரத்துக்கு முன் வந்து சேரும்படி ஆர்டரைக் குறித்துவைக்க வழி வேண்டும். திருவல்லிக்கேணியில் அத்தனை வீடும் ஒரே நிமிடத்தைக் கேட்கும் என்பதால் சமையலையும் வண்டியையும் ஒரு மணி நேரம் முன்னாலேயே பரத்திப் போட வேண்டும். பையோடு வருகிறவரும் நோன்பாளியாக இருக்கலாம். பாங்கு ஒலிக்கும்போது சிக்னலில் நிற்கும் அவருக்கு, மதிப்பெண் குறையாமல் கால்மணி நேரம் ஒதுங்கி நோன்பு திறக்க ஒரு பொத்தான் வேண்டும். இது எனக்கு முதலில் தோன்றவில்லை, டெலிவரி செய்யும் ஒரு தம்பி சொன்னது. பிறை தெரிவதைப் பொறுத்துத் தொடக்கம் மாறும் என்பதால் அந்த மாதத்தை முன்கூட்டியே கணினியில் எழுதி வைத்துவிடவும் முடியாது. தலைமை காஜி அறிவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நேர்க் கணக்கில் லாபம் குறையவே வாய்ப்பு: பிரியாணி பில்லைவிட இட்லி பில் சிறியது. ஆனால் அன்று கறி தொடாத வீட்டுக்குச் சுக்கா விளம்பரம் காட்டி யாருக்கும் பயனில்லை. கடைக்காரரின் காசுதான் வீண். இன்னொன்று, எரிச்சலில் நோட்டிஃபிகேஷனை மொத்தமாக அணைத்துவிடுகிறவர் மறுபடி அதைத் திறப்பது அபூர்வம். எங்கள் அம்மா அன்றே அணைத்துவிட்டார். ஆகவே நான் அளக்கச் சொல்வது, அந்த நாட்களில் எத்தனை பேர் அணைக்கிறார்கள் என்பதையும், அடுத்த ஞாயிறு எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதையும். பாதிப் பேருக்குக் காட்டி, பாதிப் பேருக்குக் காட்டாமல் ஒப்பிடும் வழக்கமான சோதனையை இரண்டு வாரத்தில் முடிக்கப் பழகியவர்கள் இங்கே பொறுமை காக்க வேண்டும். அமாவாசைச் சோதனைக்கு ஆறு மாதமாவது பிடிக்கும். புரட்டாசிக்கோ ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு. செப்டம்பர் நடுவில் வேலை முடியவில்லை என்றால் அடுத்த செப்டம்பர்தான். மென்பொருள் வெளியீட்டுத் தேதியைப் பெருமாள் குறிக்கும் திட்டம் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மிஞ்சியது நள்ளிரவு. சனி இரவு 11.45க்கு ஒருவர் பிரியாணி கேட்கிறார். வந்து சேர 12.20 ஆகும். அது சனியா, ஞாயிறா? கணினிக்கு நாள் பன்னிரண்டு மணிக்கு மாறும். பாட்டிக்கு விடிந்தால்தான் மாறும். பேரனுக்கு 12.01க்கே மாறிவிடும், அவன் அதற்காகத்தான் விழித்திருக்கிறான். இதில் தீர்ப்புச் சொல்லாமல் சேரும் நேரத்தை எடுத்துக்கொண்டேன். பேரன் கட்சி ஜெயித்தது.

பிறகு திரைகளைத் தாளில் வரைந்து அம்மாவிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடுத்த அமாவாசை என்று நான் போட்டிருந்த தேதியில் விரல் நின்றது. எழுந்து போய்ச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் தாள்களைத் தூக்கிப் பார்த்தார்.

"நம்ம காலண்டர்ல அதுக்கு மறுநாள்ல போட்டிருக்கு."

திதி ஒரு நாள் நடுவில் தொடங்கி மறுநாள் நடுவில் முடியும். எந்த நாளை எடுப்பது என்பதில் பழைய வாய்பாட்டுக் கணக்கில் போகும் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கில் போகும் திருக்கணிதமும் சில மாதங்களில் ஒத்துப்போகாது. ஏகாதசியில் வைணவ வீடுகளுக்கும் ஸ்மார்த்த வீடுகளுக்கும் இடையே ஒரு நாள் தள்ளுவதும் உண்டு. நான் எதை நம்பித் தேதி போட்டேன் என்றுகூட யோசித்திருக்கவில்லை. வலையில் முதலில் கிடைத்த பட்டியல்.

"அப்ப எது சரிம்மா?"

"எது சரியோ, நம்ம வீட்ல இதுதான்."

பென்சிலை எடுத்து அந்தத் தேதிக்குக் கீழே ஒரு பொத்தான் வரைந்தேன்: 'எங்க வீட்டில் நாளைக்கு.'